கிராமம் ஏற்றது, தலைநகர் தயங்கியது

புது தில்லி: "அமைதிப் படை" என்றதும் தமிழருக்கு 1987-ம் ஆண்டு இலங்கைக்குச் சென்ற இந்திய ராணுவமே நினைவுக்கு வரும். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அதே பெயரில், ஆயுதம் ஏதுமின்றி இந்தியக் கிராமங்களுக்கு வந்த வெளிநாட்டு இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் கென்னடி 1961 மார்ச் 1-ம் தேதி பிறப்பித்த ஆணையால் உருவான தொண்டர் அமைப்பு அது. 1976 வரை 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பணியாற்றினர்.

அமைப்பின் முதல் இயக்குநர் சார்ஜென்ட் ஷ்ரைவர் 1961-ல் தில்லி வந்து பிரதமர் நேருவைச் சந்தித்தார். நேரு மறுக்கவில்லை, பெரிதாக மகிழவும் இல்லை. வரும் இளைஞர்கள் இங்கு கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது என்ற பொருள்பட அவர் பேசியதாக, ஷ்ரைவருடன் வந்தவர்கள் பின்னர் பதிவு செய்துள்ளனர். சிறு குழுவாகப் பஞ்சாபில் தொடங்குவதென முடிவாயிற்று.

அந்த டிசம்பரிலேயே முதல் குழு வந்து சேர்ந்தது. கோழி வளர்ப்பு அவர்களுடைய முக்கியப் பணிகளில் ஒன்று. கொல்லையில் நாலு நாட்டுக்கோழி மேய்வது வேறு. முட்டையை வருமானமாக்குவது வேறு. தீவனக் கலவை, தடுப்பூசி, கூண்டின் காற்றோட்டம், நகரச் சந்தைக்கு முட்டை உடையாமல் போய்ச் சேரும் வழி என எதில் தவறினாலும் விவசாயிக்கு நஷ்டம். இரண்டாண்டு உடனிருந்து, அவர் மொழியில் பேசி, செய்து காட்டும் ஓர் ஆளுக்கு அங்கே வேலை இருந்தது. ஊதியம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கான படி மட்டுமே.

சுகாதாரத் துறையில் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. 1960-களின் பிற்பகுதியில் தொண்டர்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருக, பலர் ஊட்டச்சத்து, குடும்பக் கட்டுப்பாடு ஆகிய பணிகளில் அமர்த்தப்பட்டனர். கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்த, மணமாகாத அயல்நாட்டு இளைஞர் ஒருவர், மூன்று குழந்தைகளுக்குத் தாயானவரிடம் கருத்தடை பற்றி எந்த உரிமையில் பேசுவது? பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், மும்பை அருகே விக்ரோலியில் மருத்துவப் பணியாற்றியபோது அவருக்கு வயது 68. செவிலியர் பயிற்சியும் அந்த வயதும் தந்த தகுதி, பட்டதாரி இளைஞருக்கு வாய்க்கக் கூடியதல்ல.

ஆயினும் திட்டத்தின் முடிவு கிராமத்தில் தீர்மானிக்கப்படவில்லை. அமெரிக்க மாணவர் அமைப்புகளுக்கு சி.ஐ.ஏ. பணம் சென்றது 1967-ல் அம்பலமானதும் சந்தேகம் வலுத்தது. உளவுப் பணியில் இருந்தவர்களைத் தொண்டர்களாகச் சேர்ப்பதில்லை என்ற விதி தொடக்கம் முதலே இருந்தும் அது எடுபடவில்லை. 1971 வங்கதேசப் போரின்போது நிக்ஸன் அரசு பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தபின் உறவு மேலும் கசந்தது. எண்ணிக்கை தேய்ந்து, 1976-ல் திட்டம் முடிவுக்கு வந்தது. பிறகு திரும்பவே இல்லை. அண்டை நாடான நேபாளத்தில் 2004-ல் நின்றுபோன இதே பணி, 2012-ல் மீண்டும் தொடங்கியது.

தென் கொரியாவும் 1966 முதல் 1981 வரை இத்தொண்டர்களை ஏற்ற நாடுதான். 1990-களிலிருந்து அந்நாடு தன் இளைஞர்களைப் பிற நாடுகளின் கிராமங்களுக்கு அனுப்பி வருகிறது. இந்தியா 1964-ல் தொடங்கிய தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டமோ, பெரும்பாலும் வெளிநாட்டு அதிகாரிகளையும் வல்லுநர்களையும் இங்கே வரவழைத்துப் பயிற்சி அளிப்பது; இரண்டாண்டு கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் இளைஞருக்கானதல்ல.