டிராவல் டிரெய்லரை குளிர்காலம் முழுக்க ஜாக்கியில் நிறுத்தலாமா? இதை கவனிங்க!

அமெரிக்கா, கனடாவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடுதான் டிராவல் டிரெய்லர். பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். அப்போது டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும் என்று பயந்து, சிலர் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்துகிறார்கள்.

எங்கே தப்பு நடக்குது?

டிரெய்லரின் நான்கு மூலையிலும் இருக்கும் ஜாக்கிகள், உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் இருக்கத்தான். மொத்த எடையையும் அதில் ஏற்றினால் ஜாக்கி வளையும், சேஸிஸும் முறுக்கிக்கொள்ளலாம். கதவு சரியாக மூடவில்லை என்றால் உஷார்!

தூக்கியே ஆகணுமா? அப்போ இப்படி செய்யுங்க

* முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கணும்.

* கம்பெனி கையேட்டில் சொன்ன இடத்தில் மட்டும் தூக்கி, எடை தாங்கும் ஸ்டாண்டில் இறக்கணும்.

* ஸ்டாண்டுக்கு அடியில் அகலமான பலகை அவசியம். பனி உருகி மண் இளகினால் ஸ்டாண்டு ஒரு பக்கம் புதைந்து, வண்டியே சரியலாம்.

* வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

ஈஸியான வழி இருக்கா?

இருக்கு. டயரில் சரியான அளவு காற்று நிரப்பி, அடியில் பலகை வைத்து, அவ்வப்போது வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினாலே பெரும்பாலும் போதும்.