காரில் ஏறிய தொலைபேசி: கைத்தொலைபேசிக்கு முந்திய கதை

இன்று தோட்டத்துப் பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால், ஊர் சுற்றும் தொலைபேசி முதலில் கைக்கு வரவில்லை, காருக்குத்தான் வந்தது.

1946 ஜூன் 17ஆம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் வானொலி அலை வழியாக இயங்கும் கார் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கருவியின் எடை ஏறக்குறைய 36 கிலோ. எண்ணை நேராகச் சுழற்ற முடியாது. நிலையத்தில் இருக்கும் ஆப்பரேட்டரிடம் சொல்ல வேண்டும். பேசும்போது பொத்தானை அழுத்தி, கேட்கும்போது விட வேண்டும். அதே அலைவரிசையில் இருக்கும் மற்றவர் காதிலும் பேச்சு விழும்.

பெரிய சிக்கல் வேறு. உயரமான நிலையம் ஒன்றிலிருந்தே ஊர் முழுவதற்கும் அலை போனது. ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசினால், அவர் முடிக்கும் வரை அந்த ஊரில் வேறு எவருக்கும் அது கிடைக்காது. 1964இல் நேராக எண் சுழற்றும் வசதி வந்த பிறகும், நியூயார்க்கில் சுமார் 2,000 சந்தாதாரர்களுக்கு 12 அலைவரிசைகளே இருந்தன. ஓர் அழைப்புக்கு அரை மணி நேரம்கூடக் காத்திருந்தார்கள்.

இதற்கான வழியை 1947 டிசம்பரிலேயே பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதி வைத்தார். பால்மரத் தோட்டத்தை நிரை பிரித்துக் கொடுப்பதுபோல ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சக்தி குறைந்த ஒரு நிலையம். அலை தூரம் போகாததால், சற்றுத் தள்ளியிருக்கும் வட்டாரத்தில் அதே அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால், ஓடும் காரை ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்ததற்கு நொடியில் மாற்றிவிட அன்று கணினி வளர்ந்திருக்கவில்லை. போதிய அலைவரிசையும் ஒதுக்கப்படவில்லை.

அந்த யோசனை 1979இல் தோக்கியோவிலும், 1983இல் சிகாகோவிலும் வணிகச் சேவையானது. மலேசியாவுக்கு 1985இல் 'அத்தூர் 450' என்ற பெயரில் வந்தது.

இன்றைய கைத்தொலைபேசியும் இதே முறையில்தான் இயங்குகிறது. நம் கையிலுள்ள சிறு கருவியின் அலை அருகிலுள்ள கோபுரத்தை எட்டினால்தான் பேச்சு. அந்தக் கோபுரம் தூரமாகவோ மலைக்கு அப்பாலோ இருந்தால், விலை உயர்ந்த கருவி வாங்கியும் பயனில்லை. தோட்டத்தில் தொடர்பு கிடைக்காதபோது, கடைக்குப் போய்ப் புதுக் கருவி பார்ப்பதற்கு முன், கோபுரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஊர் சேர்ந்து கேட்க வேண்டியதும் அதைத்தான்.