பின்னால் திரும்பாத நாடோடி

கூகுளின் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்! 1998. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் கட்டுரைக்குள் ஒரு கற்பனை ஆளை உலவ விடுகிறார்கள். அவர் எதையும் படிக்க மாட்டார். ஏதோ ஒரு லிங்க்கைத் தட்டுவார், போன இடத்தில் இன்னொன்றைத் தட்டுவார். பின்னால் திரும்பவே மாட்டார்! 100-க்கு 85 முறை இப்படி. மீதி 15 முறை சலித்துப்போய், சம்பந்தமே இல்லாத பக்கத்துக்குத் தாவிவிடுவார். அவர் அடிக்கடி வந்து நிற்கும் பக்கம்தான் முக்கியமான பக்கம். கூகுள் பக்கங்களை வரிசைப்படுத்தப் பயன்படுத்திய ‘பேஜ்ரேங்க்’ கணக்கு என்பதே இவ்வளவுதான். உலகமே தேடப் பயன்படுத்திய ஒரு கணக்குக்குள் இப்படியொரு நாடோடி அலைகிறார் என்று நினைத்தாலே எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறது.

இப்போது லிங்க்குகளை எண்ணுவோம். பக்கத்தில் 5 லிங்க் இருந்தால், நாடோடியின் விரல் ஒவ்வொன்றிலும் படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. 200 இருந்தால் இருநூறில் ஒன்று. பாயச அண்டா ஒன்றுதான். இலை கூடக் கூட ஆளுக்கு விழும் அளவு குறையும்.

இந்தக் குறைவைச் சமாளிக்கக் குறுக்கு வழி தேடிய தளக்காரர்களும் உண்டு. ‘இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே’ என்று தேடுபொறிக்குச் சொல்ல 2005-இல் வந்த ‘நோஃபாலோ’ குறியைத் தங்கள் தளத்தின் சில லிங்க்குகளுக்கே மாட்டி, அவற்றின் பங்கை மற்றவற்றுக்குத் திருப்பினார்கள். அந்தப் பங்கு யாருக்கும் போகாது, ஆவியாகிவிடும் என்று 2009-இல் கூகுள் சொன்னது. எவ்வளவு அழகான பதிலடி!

‘ஒரு பக்கத்துக்கு 100 லிங்க்குக்கு மேல் வேண்டாம்’ என்று கூகுள் தளக்காரர்களுக்குச் சொன்ன புகழ்பெற்ற அறிவுரையின் பிறப்பு இன்னும் சுவையானது. அந்தக் காலத்துக் கூகுள் ஒரு பக்கத்தில் சுமார் 100 கிலோபைட் வரைதான் சேமித்துக்கொள்ளும். அதற்குள் எத்தனை லிங்க் அடங்கும் என்று பொறியாளர்கள் போட்ட தோராயக் கணக்குதான் அது. வரம்பு போனது, பின்னாளில் எண்ணும் போய்விட்டது.

நாடோடியும் வளர்ந்தார். கூகுள் 2004-இல் விண்ணப்பித்து 2010-இல் பெற்ற காப்புரிமையில் அவருக்குக் கண் முளைத்திருக்கிறது: லிங்க் எங்கே இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரிது என்றெல்லாம் பார்க்கிறார்.

நிஜ மனிதர்கள்? அதே ஸ்டான்ஃபோர்டின் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆங்கில விக்கிப்பீடியாவின் சர்வர் பதிவுகளைத் துருவி 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் புதிதாகச் சேர்ந்த சுமார் 8 லட்சம் லிங்க்குகளில் 66 சதவீதத்தை மார்ச் மாதம் முழுக்க ஒருவர்கூடத் தட்டவில்லை! அதைவிட என்னைச் சிலிர்க்க வைத்தது இன்னொன்று. லிங்க்குகளைக் கூட்டினாலும் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பும் மொத்தக் கிளிக்குகள் கூடவில்லை. புதிதாக வந்த லிங்க்குக்குக் கிடைத்த கிளிக், அதே பக்கத்தில் ஏற்கெனவே இருந்த வேறொரு லிங்க்குக்குப் போயிருக்க வேண்டியது.