சத்தத்துக்கு முன்னால் பாருங்கள்

2024 அக்டோபர் 6ஆம் தேதி, இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு நிறைவையொட்டி சென்னை மெரினாவில் வான் சாகச நிகழ்ச்சி நடந்தது. ரஃபேல், சுகோய், தேஜஸ் விமானங்கள் கடல்மேல் சீறிப் பாய்ந்தன. துருவ் ஹெலிகாப்டர்களில் வித்தை காட்டியது ‘சாரங்’ குழு. அந்தக் குழுவின் தளம் கோவையை அடுத்த சூலூர்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சியைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். விமானம் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறந்தால், அதன் சத்தம் நம் காதுக்கு வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். தேனி மாவட்டத்தில் மேகமலைப் பக்கம் மின்னல் வெட்டி, கொஞ்சம் கழித்துக் கம்பம் ஊரில் இடி கேட்கிறதல்லவா, அதே கணக்குதான். ஆகவே சத்தம் வரும் இடத்தில் தேடாதீர்கள். விமானம் போகும் திசையில் இன்னும் முன்னால் பாருங்கள்.

இன்னொன்றும் முக்கியம். அன்று மெரினாவில் பகல் 11 மணி முதல் 1 மணி வரை உச்சிவெயில். பல லட்சம் பேர் கூடிய இடத்தில் 5 பேர் உயிரிழந்தார்கள். இத்தகைய நிகழ்ச்சிக்குத் தேனியிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் களைப்பும் சேரும். தொப்பி, குடை, தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கையில் இருக்கட்டும். முடிந்ததும் முண்டியடிக்காமல், கூட்டம் கலைந்தபின் கிளம்புங்கள்.