கொலோனோஸ்கோபி: எந்த ஒளியில் பார்ப்பது நல்லது?

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு இப்பரிசோதனைக்காக வருவோர் பலர், "புதுவகை ஒளியில் பார்ப்பீர்களா?" என்று கேட்கின்றனர்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு திசு வளர்ச்சியில் தொடங்கிப் பல ஆண்டுகளில் உருவாகிறது. பாலிப்பைக் கண்டு அகற்றினால் அது புற்றுநோயாக மாறுவதைத் தடுக்கலாம். வழக்கமான வெண்ணொளியிலேயே பெரும்பாலானவை தெரியும். என்.பி.ஐ. முறையில் 415, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல, பச்சை ஒளி மட்டும் பாய்ச்சப்படும். இரத்தம் அவ்வொளியை உறிஞ்சுவதால் பாலிப்பின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கருமையாகத் துலங்கும். நீலச்சாயம் தெளிக்கும் முறை தட்டையான வளர்ச்சிகளின் விளிம்பைக் காட்டும். ஆனால் நேரம் கூடுதலாகும்.

மலம் படிந்த குடலில் இவற்றுள் எதுவும் உதவாது. என்.பி.ஐ. ஒளியில் எஞ்சிய கழிவுநீர் இரத்தம்போல் சிவந்து தெரியும்.

பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கையில் அவசரம் வந்துவிடுமோ என அஞ்சிச் சிலர் காலைத் தவணைப் பேதி மருந்தைக் குடிக்காமல் வருகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆயினும் இரவுக்குப் பின் குடலில் இறங்கும் கழிவை நீக்குவது அந்தத் தவணைதான். முன்னரே தெரிவித்துப் பிற்பகல் நேரம் கேளுங்கள். அல்லது முந்தைய இரவே திருச்சியில் தங்குங்கள். மருந்தில் எவ்வளவு குடித்தார் என்பதை, உடன் வருபவர் மறைக்காமல் கூற வேண்டும்.