விக்டோரியா ராணியும் முட்டை வடிவச் சாக்கடையும்



ஐந்தாவது செமஸ்டரில் ஒரு நாள், எங்கள் சிவில் வகுப்பில் சார் போர்டில் முட்டை வடிவக் கழிவுநீர்க் கால்வாயின் குறுக்குவெட்டை வரைந்துவிட்டு, "முட்டையை ஏன் கூர்முனை கீழே வர்ற மாதிரி வச்சிருக்கான்? சொல்லுங்கப்பா" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து "ஆம்லெட் போடத்தான் சார்" என்று ஒரு குரல். குரலுக்குச் சொந்தக்காரன் அடியேன்தான்! தண்டனையாக, லைப்ரரியில் அதன் வரலாற்றைப் படித்து வந்து வகுப்பில் பேசச் சொன்னார். சாக்கடையைத் தேடிப் போன நான், விக்டோரியா ராணி ஆண்ட (1837–1901) லண்டனில் போய் விழுந்தேன். அங்கே பார்த்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே ஊர், இரண்டு உலகம்

பணக்காரர் வீடு நாலைந்து மாடி. சமையலறை தரைக்குக் கீழே; வேலைக்காரப் பெண் படுப்பது கூரைக்கு அடியில். விடியுமுன் எழுந்து, ஒவ்வொரு அறையிலும் கரியடுப்பைத் துடைத்து நெருப்பு மூட்டி, வெந்நீரை வாளி வாளியாக மாடிக்குத் தூக்கி, இரவில் பயன்படுத்திய மலச்சட்டிகளைக் கீழே கொண்டுவந்து கொட்டுவதும் அவள்தான். 1851-இல் பிரிட்டனில் இப்படி வீட்டு வேலை செய்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லப் பராமரிப்புப் புத்தகம், எல்லா வேலையும் செய்யும் ஒற்றை வேலைக்காரிக்கு வருடச் சம்பளம் 9 முதல் 14 பவுண்டு என்கிறது. மாதத்துக்கு அல்ல நண்பர்களே, வருடத்துக்கு!

ஏழைகளோ ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை. வீடுகள் சூழ்ந்த ஒரு முற்றத்துக்குப் பொதுவாக ஒரு குழாய், ஒரு கக்கூஸ். குழாயில் தண்ணீர் வருவதும் தினம் கொஞ்ச நேரம்தான். கக்கூஸ் குழியை அள்ள ஆள் வைத்தால் காசு கேட்பான். காசில்லையென்றால் குழி நிரம்பி வழியும்; பக்கத்துக் கிணற்றிலும் இறங்கும்.

இதன் பலன் என்ன? எட்வின் சாட்விக் என்பவர் 1842-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது: மேல்தட்டுக் குடும்பங்களில் 38, தொழிலாளர் குடும்பங்களில் 17. லிவர்பூலில் 35-க்கு 15. எல்லோரும் பதினைந்தில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. தொட்டிலிலேயே போன குழந்தைகள் அவ்வளவு பேர் என்பதுதான் அர்த்தம். நமக்கு இப்போது என்ன வயசு? யோசித்துப் பாருங்கள்!

வசதி வந்தது, வாசமும் வந்தது!

தண்ணீர் ஊற்றி அடித்துவிடும் நவீன கக்கூஸ் வசதியான வீடுகளில் பரவத் தொடங்கியது. 1851 மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிப்பறைகளை ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தியவர்கள் 8,27,280 பேர்! நல்லதுதானே என்பீர்கள். ஆனால் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? மழைநீருக்காகக் கட்டிய பழைய கால்வாய் வழியாக நேரே தேம்ஸ் நதிக்கு. குடிதண்ணீர்க் கம்பெனிகள் பல தண்ணீர் எடுத்ததும் அதே தேம்ஸில்தான். மேட்டுக்குடி மாளிகையில் கழித்தது ஏழையின் குவளைக்குத் திரும்பி வந்தது. மாளிகைக்கும்தான் வந்தது!

1848–49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் மாண்டார்கள். நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்பதே அன்றைய பெரிய டாக்டர்களின் நம்பிக்கை. 1854-இல் சோஹோ பகுதியில் 600-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, எல்லாக் கையும் பிராட் தெருவின் ஒரே அடிபம்பைக் காட்டுவதைக் கண்டுபிடித்தார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பம்புத் தண்ணீரே குடிக்கவில்லையாம்! (பசங்களா, இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம்.)

மூக்கைத் தொட்டால்தான்...

ஏழை செத்தபோது அசையாத பார்லிமெண்ட், 1858 கோடையில் அசைந்தது. வெயிலில் தேம்ஸ் நாறியது. நதிக்கரையில்தான் பார்லிமெண்ட். சுண்ணாம்புக் குளோரைடில் திரைச்சீலையை நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. சட்டம் நிறைவேறியது, 18 நாளில்! பாரதப் போர் முடிந்த அதே கணக்கு.

பொறுப்பு ஜோசப் பேசல்ஜெட் என்ற இன்ஜினியருக்குப் போனது. நதிக்குப் போகும் கால்வாய்களைக் கரையோரமாகவே இடைமறித்து, கழிவை நகருக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோவது அவர் திட்டம். 82 மைல் பிரதானக் கால்வாய், 31 கோடிக்கும் மேற்பட்ட செங்கல். அன்று புதுசான போர்ட்லண்ட் சிமெண்டைத் தைரியமாக எடுத்து, வந்த சரக்கையெல்லாம் சோதித்துத்தான் கட்டினார். நம்ம லேபில் டெஸ்டிங் ரெக்கார்டு எழுத அழுகிறோமே, அதன் அருமை இதுதான்.

முட்டை ரகசியமும் இங்கேதான். ஓட்டம் குறைவான நேரத்தில் அகன்ற அடித்தளத்தில் தண்ணீர் மெல்லிசாகப் பரவி, வேகம் குறைந்து, கசடு தங்கிவிடும். கூர்மையான அடியில் அதே தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். மழை வந்தால் மேலே அகன்ற இடம் இருக்கிறது.

நான் அதிர்ந்துபோனது கடைசிப் பக்கத்தில்தான். 1866-இல் மறுபடியும் காலரா வந்தது. பிரதானக் கால்வாய் முடிந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. செத்தவர்கள் கிழக்கு லண்டன்காரர்கள், 5,500-க்கும் மேல். அங்கே குழாயில் வடிகட்டாத தண்ணீர் வந்தது. வேலை முடியாமல் பாக்கி கிடந்ததும் ஏழைகள் வாழ்ந்த அந்தப் பகுதிதான். 1868-இல் அங்கே பம்பிங் ஸ்டேஷன் திறந்தது. அதற்குப் பின் லண்டனில் காலரா கொள்ளைநோயாக வரவே இல்லை. இரண்டே வருட இடைவெளி!

இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. எங்க தெருவுக்கும் பாதாளச் சாக்கடை வரவில்லை. மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. "அடுத்த ஃபேஸ்ல வரும்" என்று சொல்லி மூணு வருஷம் ஆச்சு. போன மழைக்காலத்தில் என் தங்கை டைபாய்டில் ஒரு மாதம் படுத்திருந்தாள். 'அடுத்த ஃபேஸ்' என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் ஓவர்சீயராகவும் ஜூனியர் இன்ஜினியராகவும் போவோம். ஏதோ ஒரு ஆபீஸில் நம் மேஜைக்கு ஒரு வரைபடம் வரும். முதல் ஃபேஸ் எந்தத் தெரு, கடைசி ஃபேஸ் எந்தத் தெரு என்று அதில் கோடு போட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் கிழக்கு லண்டனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம். "இந்தக் கடைசித் தெருவை முதலில் எடுத்தால் என்ன சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்போம்.

கடைசி பெஞ்சுக்காரனுக்கும் கேள்வி கேட்கத் தெரியும்தானே!