திருவருகைக்கால வளையம்: நம் வீட்டில், நம் கையால்



கார்த்திகை மழையோடு சேர்ந்தே நம்மிடம் வருகிறது திருவருகைக் காலம். நவம்பர் 30, திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அந்நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே இக்காலத்தின் முதல் நாள். ஆகவே அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே அமையும். அன்று தொடங்கி கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய நாள் வரை நான்கு ஞாயிறுகள் உண்டு. நாள் கணக்கில் பார்த்தால் குறைந்தது 22, மிகுந்தால் 28 நாள்கள்.

இந்நாள்களில் ஆலயத்தின் பீடத்தருகே பச்சை இலைகளால் ஆன ஒரு வளையத்தையும் அதில் நான்கு மெழுகுதிரிகளையும் காண்கிறோம். இதை ஆலயத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலேயே செய்து, அதைச் சுற்றி அமர்ந்து செபிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. மணவூரைச் சுற்றியுள்ள வயலும் தோட்டமும் தருவதே போதும்.

மலர்வளையத்தை வீட்டில் வைக்கலாமா?

இதைச் சொன்னவுடன் பெரியவர்கள் சிலர் தயங்குவதுண்டு. "வளையம் என்பது சாவு வீட்டில் வைப்பதாயிற்றே, அதை எப்படி நடுவீட்டில் வைப்பது?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். தமிழில் மலர்வளையம் என்றாலே இறுதி அஞ்சலிதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் வளையத்தின் பழைய பொருள் வேறு. அது வெற்றியின் அடையாளம். கிரேக்க, உரோமை நாடுகளில் ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் தலையில் இலைகளால் ஆன வளையத்தையே சூட்டினர். நம் முன்னோரும் போரில் வென்றவருக்கு வாகைப் பூவைச் சூட்டினர். இன்றும் வெற்றி பெற்றவரை 'வாகை சூடினார்' என்றுதானே சொல்கிறோம்? அழிந்துபோகும் வெற்றி வாகைக்காக ஓடுகிறவர்களைச் சுட்டிக்காட்டி, நாம் அழியாத வாகைக்காக ஓட வேண்டும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரி 9:24-25). இறந்தவர் உடலருகே வளையம் வைப்பதற்கும் கிறிஸ்தவப் பொருள் இதுவே. ஓட்டத்தை முடித்தவருக்கு ஆண்டவர் தரும் வாகை அது (2 திமொ 4:7-8). தோல்வியின் அடையாளமாக அதை யாரும் வைப்பதில்லை.

வளையத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது கடவுளின் முடிவில்லா அன்பைச் சுட்டுகிறது. பச்சை இலை அவர் தரும் வாழ்வைச் சுட்டுகிறது. வாரத்திற்கு ஒன்றாக ஏறும் சுடர், இருளில் படிப்படியாகப் பெருகும் ஒளியைச் சுட்டுகிறது.

அனாதைச் சிறுவர் கேட்ட கேள்வி

இப்பழக்கம் பிறந்த கதை நம் உள்ளத்தைத் தொடுவது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்னும் லூத்தரன் இறையியலாளர், ஏழைச் சிறுவருக்காக 1833இல் ஓர் இல்லம் தொடங்கினார். திருவருகைக் காலத்தில் அச்சிறுவர்கள் "கிறிஸ்மஸ் எப்போது வரும்?" என்று ஓயாமல் கேட்டார்களாம். அதற்கு விடையாக 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் வாரநாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளையும் அதில் பொருத்தினார். நாளுக்கு ஒன்று ஏற்றப்பட்டது. சிறுவர்கள் ஒளியைக் கொண்டே நாள்களை எண்ணக் கற்றனர்.

பின்னாளில் சக்கரத்தைப் பச்சை இலைகள் மூடின. திரிகள் நான்காகச் சுருங்கின. 1925இல் கொலோன் நகரில் கத்தோலிக்க ஆலயம் ஒன்றில் இவ்வளையம் இடம் பெற்றது. அதன்பின் உலகெங்கும் பரவியது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் காலத்தில், 2001 டிசம்பரில், திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட பொதுமக்கள் பக்தி பற்றிய வழிகாட்டியும் இவ்வளையத்தைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் திருவருகைக்கால அடையாளமாகக் குறிப்பிடுகிறது.

நாள்களை எண்ணிக் காத்திருப்பது நமக்குப் புதிதன்று. நம் அருகிலுள்ள திருத்தணியில், ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 மலைப்படிகளில் டிசம்பர் 31 அன்று நம் இந்து சகோதர சகோதரிகள் படித் திருவிழா நடத்துகின்றனர். நாமோ மீட்பர் வரும் நாளை நோக்கி, நான்கு சுடர்களைப் படிகளாக்கி ஏறுகிறோம்.

பிரிமணையே அடித்தளம்

மேலைநாடுகளில் வளையத்தைப் பனிப்பிரதேச மரக்கிளைகளால் செய்கின்றனர். நமக்கு அது எதற்கு? நம் பாட்டிமார் அடுப்படியில் மண்பானை உருளாதிருக்க வைக்கோலை முறுக்கிச் செய்து வைத்திருந்த பிரிமணையை நினைத்துப் பாருங்கள். அதுவே நம் ஊரின் வளையம்.

1. இரண்டு கைப்பிடி வைக்கோலை எடுத்து நீர் தெளித்து அரைமணி நேரம் வையுங்கள். காய்ந்த வைக்கோல் முறுக்கும்போது ஒடியும், ஈரமானது வளையும்.

2. வைக்கோலைத் தொடர்ச்சியாகச் சேர்த்துக் கைத்தடிமன் பிரியாக முறுக்குங்கள். ஒருவர் நுனியைப் பிடிக்க, மற்றொருவர் முறுக்க வேண்டும். ஒரு முழம் அகலத்தில் வட்டமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஊற வைத்த வாழை நாரால் இடைவெளி விட்டு இறுக்கிக் கட்டுங்கள். வைக்கோல் கிடைக்காத வீட்டில் பழைய சைக்கிள் டயரும் பயன்படும். ஆனால் அதைத் துணியால் சுற்றி வாசலில் தொங்கவிட மட்டும் பயன்படுத்துங்கள். அதில் நெருப்பு வேண்டாம்.

3. பிரிமணையை ஒரு பெரிய தாம்பாளத்தில் வையுங்கள். அதன் உட்புறத்தில் நான்கு கொட்டாங்குச்சிகளை ஈர மணல் நிரப்பி வைத்து, அவற்றில் மெழுகுதிரிகளை ஊன்றுங்கள். திரி ஆடாது, உருகும் மெழுகும் மணலிலேயே விழும். மெழுகுதிரிக்கு வழியில்லாத வீட்டில் நான்கு அகல் விளக்குகள் போதும்.

4. மாவிலைகளை நான்கைந்தாகச் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, ஒரே திசையில் ஒன்றின் காம்பை அடுத்தது மறைக்குமாறு வளையம் முழுவதும் செருகுங்கள். மாவிலை காய்ந்தாலும் எளிதில் உதிராது. வேப்பிலை விரைவில் சுருண்டுவிடும். சவுக்குக் கிளை அழகானது. ஆனால் காய்ந்துவிட்டால் சட்டெனத் தீப்பற்றும். அதை வாசல் வளையத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. அலங்காரத்திற்கு வாடாமல்லியை விடச் சிறந்தது இல்லை. அதன் நிறமே ஊதா. காய்ந்தாலும் அது நிறம் மாறுவதில்லை. நான்கு வாரமும் தாங்கும். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் ஒரு பன்னீர் ரோஜாவைச் சேர்க்கலாம். பனிக்காலத்தில் மல்லிகை விலை ஏறிவிடும். அதைத் தேடி அலைய வேண்டாம். அரளி நஞ்சுள்ளது, சிறுபிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

6. நாள்தோறும் இலைகளில் நீர் தெளியுங்கள். சனிக்கிழமை மாலை வாடியதை எடுத்துவிட்டுப் புது இலை செருகுங்கள். இந்தச் சனிக்கிழமை வேலையே ஞாயிறு திருப்பலிக்கு நல்ல தயாரிப்பு ஆகும்.

திரைச்சீலை, கேஸ் அடுப்பு, ஓலைக்கூரை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். செபம் முடிந்ததும் திரிகளை அணைத்துவிடுங்கள். குழந்தைகளைத் தனியே விட்டு எரியவிட வேண்டாம்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளையம் பல ஆண்டு உழைக்குமே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அது வாடாது. வாடாததால் நாம் நீர் தெளிப்பதும் இல்லை, புது இலை தேடுவதும் இல்லை. ஒருநாள் அதுவும் ஏரிக்கரைக் குப்பையில்தான் போய்ச் சேரும். நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பேணுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலை இங்கே நினைவுகூர்வோம்.

நிறங்களும் வாரங்களும்

மூன்று திரிகள் ஊதா; ஒன்று ரோஜா நிறம். ஊதா நிறம் மனமாற்றத்திற்கும் காத்திருப்பிற்கும் உரியது. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறாகிய மகிழ்ச்சி ஞாயிறுக்கு உரியது. வண்ணத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியின் அடியில் ஊதா நாடாவைக் கட்டிக்கொள்ளலாம்.

முதல் வாரம்: விழித்திருக்கச் சொல்கிறது நற்செய்தி. எசாயா 2:1-5 வாசியுங்கள். செப நேரத்தில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைப்பதே இவ்வார ஒறுத்தல்.

இரண்டாம் வாரம்: திருமுழுக்கு யோவான் ஆண்டவரின் வழியைச் செம்மையாக்க அழைக்கிறார். எசாயா 11:1-10 வாசியுங்கள். வரப்புத் தகராறாலோ பாகப்பிரிவினையாலோ பேச்சு நின்றுபோன உறவினர் வீட்டுக்கு இவ்வாரம் ஒருமுறை போய் வாருங்கள். வளைந்து போன வழி என்பது பெரும்பாலும் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் இடையிலுள்ள வழிதான்.

மூன்றாம் வாரம்: மகிழ்ச்சி. எசாயா 35:1-10 வாசியுங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தாடை எடுக்கும்போது, எடுக்க முடியாத ஒரு வீட்டுப் பிள்ளையையும் நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் வாரம்: அன்னை மரியாவும் புனித யோசேப்பும் நம் முன் நிற்கின்றனர். எசாயா 7:10-14 வாசியுங்கள். படுக்கையில் இருக்கும் ஒரு முதியவரைக் குடும்பத்தோடு சந்தியுங்கள்.

நம் குடும்பங்களில் பலர் விடியற்காலை மின்தொடர் வண்டியைப் பிடித்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகின்றனர். தினமும் எல்லாரும் கூடுவது இயலாத வீட்டில் ஞாயிறு மாலை மட்டுமாவது கூடுங்கள். சிலுவை அடையாளம், ஒரு வாசகம், சிறிது மௌனம், இயேசு கற்பித்த செபம், இவ்வளவே. பத்து நிமிடம் போதும். திரியை ஏற்றும் பேறு முதல் வாரம் வீட்டின் கடைக்குட்டிக்கு இருக்கட்டும். தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கிலேயே செபியுங்கள்.

துக்க வீட்டில் ஏற்றலாமா?

இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஆண்டுக்குள் ஓர் இறப்பு நிகழ்ந்த வீட்டில் "எங்களுக்கு இந்த வருடம் பண்டிகை இல்லை" என்று சொல்லி, நட்சத்திரம் கட்டாமல், குடில் வைக்காமல், பலகாரம் செய்யாமல் இருப்பது நம்மிடையே வழக்கம். இழந்தவரின் மேல் உள்ள அன்பால் எழுந்த வழக்கம் அது. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊரெல்லாம் விளக்கெரிய, அந்த வீடு மட்டும் இருண்டு கிடப்பது துயரத்தை இன்னும் கூட்டுகிறது.

அத்தகைய வீட்டுக்கும் இவ்வளையம் பொருந்தும். அத்தகைய வீட்டுக்கே அது முதலில் உரியது என்றும் சொல்லலாம். ஏனெனில் திருவருகைக் காலம் இன்னும் பண்டிகை ஆகவில்லை, அது காத்திருப்பு. அதன் ஊதா நிறத்தையே இறந்தோருக்கான திருப்பலியிலும் குருக்கள் அணிவதுண்டு. இக்காலத்தில் இரண்டு வருகைகளை நாம் நினைக்கிறோம். ஆண்டவர் பெத்லகேமில் வந்தது ஒன்று. இறந்தோரை எழுப்ப மாட்சியோடு அவர் மீண்டும் வரவிருப்பது மற்றொன்று. கணவரை இழந்த பெண்ணும், தாயை இழந்த பிள்ளையும் இந்த இரண்டாம் வருகைக்காகக் காத்திருப்பதைப் போல வேறு யார் காத்திருக்கிறார்? எனவே அவ்வீட்டார் தனியே செய்ய இயலாத நிலையில் இருந்தால், அன்பிய உறுப்பினர்கள் வளையத்தைச் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். அருகில் அமர்ந்து முதல் திரியை ஏற்ற உதவுங்கள். பேச வார்த்தை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சுடர் பேசும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது சென்னையும் நம் திருவள்ளூர் மாவட்டமும் மின்சாரமின்றித் தவித்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு திருவருகைக் காலம் தொடங்கி அப்போது மூன்று நாள்கூட நிறைவாகவில்லை. மெழுகுதிரி அழகுக்கான பொருள் அன்று, இருளில் வழிகாட்டும் பொருள் என்பதை அந்த இரவுகள் நமக்குக் கற்பித்தன. துக்க வீட்டிலும் இருள் அப்படித்தான்.

டிசம்பர் 24 மாலையில்

நான்கு திரிகளும் எரிந்து முடிந்தபின், கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய மாலையில் வாழை நாரை அவிழ்த்துப் பிரிமணையைப் பிரித்துவிடுங்கள். நான்கு வாரம் நம் செபங்களைச் சுமந்த அதே வைக்கோலைக் குடிலின் தீவனத் தொட்டியில் பரப்புங்கள். குடில் வைக்காத துக்க வீட்டாரும் ஒரு கைப்பிடி வைக்கோலை ஆலயக் குடிலுக்குக் கொண்டு வரலாம். பாலன் இயேசு படுக்க இடம் தந்தது அரண்மனைப் பட்டு அன்று, இத்தகைய வைக்கோல்தான்.

நாம் கையால் முறுக்கிய வைக்கோலில், நம் கண்ணீரும் செபமும் கலந்த அந்தப் படுக்கையில் பிறந்து, இறைமகன் நம் இல்லங்கள் ஒவ்வொன்றையும் தம் ஒளியால் நிரப்புவாராக! ஆமென்.